முழுமனதோடு ஒரு ட்ரொலொலோ

பழுப்பு நிறக் கோட்டு, மஞ்சள் டை, படிய வாரிய தலை. தங்க நிறத் தட்டிகள் வைத்த ஒரு தொலைக்காட்சி அரங்குக்குள் ஒருவர் ஒயிலாக நடந்து வருகிறார். வாயெல்லாம் சிரிப்பு. புருவம் தனியாக ஒரு நாட்டியம் ஆடுகிறது. பாடத் தொடங்குகிறார். லா, யா, ஹோ என்கிற மாதிரி அசைகள்தாம். இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டில் சொல் என்று ஒன்றுகூட வருவதில்லை. முகத்தைப் பார்த்தாலோ, ஏதோ பெரிய சங்கதியை நம்மிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றுதான் தோன்றும்.

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகமே இந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தது. பாடியவர் யார் என்று பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ‘ட்ரொலொலோ மனிதர்’ என்று அவர்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அவசரச் செய்தி என்று சொல்லி நண்பனுக்கு ஒரு சுட்டி அனுப்புவது, அவன் பதறிப்போய்த் தட்டினால் இவர் சிரித்துக்கொண்டே வந்து நிற்பது, இப்படி ஒரு குறும்பு அப்போது நடந்தது. (அதற்கு முன்பே ரிக் ஆஸ்ட்லி 1987-இல் பாடிய ஒரு பாட்டு இந்த வேலைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. ஏமாற்றுவதற்கும் பழைய பாட்டுதான் வேண்டியிருக்கிறது.) அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடிகர் கிறிஸ்டாஃப் வால்ட்ஸ் இவரைப் போலவே பாவனை செய்து காட்டினார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. இன்றைக்குப் பார்த்தாலும் வருகிறது. ஆனால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் வராது. குரல் மோசமா என்றால், நல்ல பயிற்சி பெற்ற கனத்த ஆண்குரல். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் எங்கேயும் தடுமாற்றம் இல்லை. மெட்டு மோசமா என்றால், ஒரு முறை கேட்டவர் நாள் முழுக்க முணுமுணுக்கிற மெட்டு. உடை அந்தக் காலத்து உடை. அப்படிப் பார்த்தால் நம் அப்பாக்களின் கல்யாணப் படத்தில் இருக்கிற கோட்டுகள் எந்த விதத்தில் உயர்த்தி?

அவர் பெயர் எட்வர்ட் கில். ருஷ்யாவின் மேற்கே ஸ்மோலென்ஸ்க் நகரத்தில் 1934-இல் பிறந்தவர். போர் வந்தபோது தாயைப் பிரிந்து, கிழக்கே வெகுதூரம் கொண்டுபோகப்பட்டு, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடான ஓர் அனாதை விடுதியில் வளர்ந்தார். பக்கத்து மருத்துவமனையில் படுத்திருந்த காயம்பட்ட வீரர்களுக்குப் பாடிக் காட்டுவது அந்தச் சிறுவனின் வழக்கம். 1943-இல் ஸ்மோலென்ஸ்க் மீட்கப்பட்ட பிறகுதான் தாய் அவனைத் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு லெனின்கிராத் போனார்; அங்கே இசைக் கல்லூரியில் முறைப்படி ஓபரா பாட்டு படித்து 1960-இல் தேறினார். மேடை மெல்லிசைக்கு வந்து நாடெங்கும் பெயர் பெற்றார். 1974-இல் ருஷ்யக் குடியரசின் ‘மக்கள் கலைஞர்’ பட்டம் கிடைத்தது. சோவியத் ஒன்றியம் சிதறியபோது கச்சேரிகளும் சிதறின. 1990-களின் தொடக்கத்தில் பாரிஸில் ரஸ்புதின் என்ற விடுதியில் இரவு நேரங்களில் பாடிப் பிழைத்தார்.

பாட்டுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. மெட்டமைத்தவர் அர்காதி ஆஸ்த்ரோவ்ஸ்கி. ‘எப்போதும் சூரியன் இருக்கட்டும்’ என்று பொருள்படும் 1962-ஆம் ஆண்டுப் பாடலுக்கு இசையமைத்தவரும் இவர்தான். சோவியத் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிய பாட்டு அது. சொல்லில்லாத நம் பாட்டுக்கு அவர் வைத்த தலைப்பு கொஞ்சம் நீளம்: ஒருவழியாக வீடு திரும்புகிறேன், அதனால் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி என்பது அதன் பொருள். முதலில் வார்த்தைகளும் இருந்தனவாம். ஜான் என்கிற கௌபாய் தன் குதிரையில் புல்வெளியைக் கடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்; வெகுதூரத்தில் அவனுடைய மேரி அவனுக்காகக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்கக் கௌபாயின் வீட்டு ஞாபகத்தைச் சோவியத் மேடையில் பாட அந்தக் காலத்தில் இடம் கிடைக்காது என்பதால் வார்த்தைகளைக் கழற்றிவிட்டார்கள் என்பது கில் சொன்ன காரணம். தணிக்கையெல்லாம் இல்லை, இசை பெரிதா வார்த்தை பெரிதா என்று பாடலாசிரியரோடு வந்த சண்டையில் ஆஸ்த்ரோவ்ஸ்கி ‘உன் வார்த்தையே வேண்டாம் போ’ என்று வீம்பாக விட்டுவிட்டார் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அதிகாரத்தின் கெடுபிடியைவிட இரண்டு கலைஞர்களின் ரோஷத்துக்குப் பாட்டுப் பிறப்பிக்கிற சக்தி கூடுதல்.

1960-களில் பிறந்த பாட்டு. நாம் பார்த்துச் சிரித்த பதிவு 1976-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து எடுத்தது. முன்பே பதிவு செய்த ஒலிக்கு அவர் வாயசைக்கிறார். அது அங்கே வழக்கம்.

ஜானும் மேரியும் தெரிந்த பிறகு ஒரு தடவை அந்தக் காணொளியைப் போட்டுப் பாருங்கள். சிரிப்பு போய்விடாது, ஆனால் இடம் மாறிவிடும். அந்த நடையில் ஒரு குதிரை சவாரி தெரியும். பல்லெல்லாம் தெரிகிற அந்தச் சிரிப்புக்கு ஒரு திசை கிடைக்கும். வீடு இருக்கிற திசை. முகம் இத்தனை நேரமும் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான் நமக்கு வந்து சேரவில்லை. போரில் தாயைத் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்ட ஒரு பையன் பிற்காலத்தில் இந்தத் தலைப்புக் கொண்ட பாட்டைப் பாடியதை முடிச்சுப்போட்டுப் பார்க்க எழுதுகிறவனுக்கு ஆசை வரும். அது அவர் போட்ட முடிச்சல்ல, ஆகவே விட்டுவிடுகிறேன்.

சொல்லில்லாமல் பாடுவது வேடிக்கையான காரியம் என்றால் நாம்தான் முதலில் சிரித்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் ஒரு வித்வான் கையைக் காற்றில் அளைந்துகொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, த, ரி, ந, நம் என்று தோடியை ஆலாபனை செய்கிறார். சபையில் யாரும் சிரிப்பதில்லை. தலை ஆடுகிறது, தொடையில் கை தட்டுகிறது. தோடிக்குள் எங்கே போனால் சரி, எங்கே கால் வைத்தால் சறுக்கல் என்பது அந்தச் சபைக்குத் தெரியும். தெரியாத ஒருவரை அழைத்துவந்து ஒலியை நிறுத்திவிட்டு அந்த முகத்தை மட்டும் காட்டிப் பாருங்கள்.

அப்படிக் காட்டியும் ஆயிற்று. 2000-இல் வந்த ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடுகிற ‘கல்லூரி வானில்’ பாடலை எடுத்து, தமிழ் ஒலிகள் ஆங்கிலக் காதுக்கு எப்படிக் கேட்குமோ அப்படியே அர்த்தமற்ற ஆங்கில வாசகங்களாகத் திரையில் ஓடவிட்டு ஒருவர் 2007-இல் இணையத்தில் போட்டார். அந்தக் காணொளிக்கு ‘பென்னி லாவா’ என்று பெயர். லட்சம் லட்சமாகப் பார்த்தார்கள். பிரபுதேவா என்றால் தெரியாத ஊர்களில்கூட அவருக்கு பென்னி லாவா என்று பெயர் விழுந்தது. சிரிப்பின் மறுமுனையில் நிற்பது எப்படி இருக்கும் என்பது ஆகவே தமிழர்களுக்குத் தெரியும். அந்தக் காணொளியைப் பார்த்தபோது முதலில் எனக்குச் சுருக்கென்றது; அடுத்த நிமிடம் அடக்க முடியாமல் சிரித்தேன்; மூன்றாவதாக வந்ததுதான் யோசனை. மலைமேல் அத்தனை பேர் வரிசை கட்டி ஆடுவது எனக்கு ஒரு நாளும் விசித்திரமாகப் பட்டதில்லையே. டூயட் என்றால் அப்படித்தானே இருக்கும்? ஒரு கை எந்தத் தாளத்தில் விழ வேண்டும், எந்த வளைவு பிரபுதேவாவுக்கே உரியது, எது மற்றவர்கள் அவரைப் பார்த்துப் போடும் நகல் என்று தெருமுனையில் நிற்கிற பையன்கூடச் சொல்வான். பென்னி லாவாவுக்குச் சிரித்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

வேண்டுமென்றே சிரிக்கவைக்கத் தயாரிக்கும் காணொளிகள் தினமும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அடுத்த வாரம் அவற்றை யாரும் தேடுவதில்லை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே ஒருவர் செய்யும் கோமாளித்தனத்தில், ‘நானும் உன் பக்கம்தான், எனக்கும் இது வேடிக்கைதான்’ என்கிற ஒப்பந்தம் முதலிலேயே முடிந்துவிடுகிறது; அதற்கு மேல் அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. நிலைத்து நிற்பவை கில் மாதிரி ஆட்கள். அவர் கண் சிமிட்டவே இல்லை.

இது இங்கிலாந்தில் சிலருக்கு 1970-லேயே தெரிந்திருந்தது. போர்ட்ஸ்மத் ஓவியக் கல்லூரியில் இசையமைப்பாளர் கேவின் பிரயர்ஸ் முன்னின்று போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா என்று ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். சேருகிறவர் இசை தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர் என்றால் தனக்குப் பழக்கமில்லாத வாத்தியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இசைக்கலைஞர் பிரயன் ஈனோ கிளாரினெட் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, வேண்டுமென்றே தப்பாக வாசிக்கக் கூடாது என்பது. ஒத்திகைக்கு வந்து, முடிந்தவரை சரியாக வாசிக்க முயல வேண்டும். 1974-இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கிலேயே கச்சேரி செய்தார்கள். கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அத்தனையும் அந்த ஒரே விதியிலிருந்து கிடைத்தது. ஒருவர் வேண்டுமென்றே பிசிறடித்தால் போதும், எல்லாம் வெறும் கூத்தாகிவிடும்.

நியூயார்க்கின் ஃப்ளாரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் பற்றி மெரில் ஸ்ட்ரீப் நடித்து 2016-இல் படமே வந்துவிட்டதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுருதிக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் ஓபரா பாடிய சீமாட்டி. 1944 அக்டோபரில், 76 வயதில், கார்னெகி அரங்கில் பாடினார். சீட்டு அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. ஒரு மாதத்தில் இறந்துபோனார். சிரிப்பு அவரைக் கொன்றது என்று எழுத ஆசைப்படுபவர்கள் உண்டு. முழுமனதோடு ஒன்றைச் செய்பவரைப் பார்த்து இரக்கப்படுவதும், சிரிப்பதைப் போலவே, எட்ட நின்று செய்கிற காரியம்தான்.

கில் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பேரன் இந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தானாம். இது உனக்கு எங்கே கிடைத்தது என்று தாத்தா கேட்க, உலகமே பாடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறான். 75 வயதில், தான் ஏறக்குறைய மறந்துபோன ஒரு பாட்டின் வழியாக, மொழி தெரியாத நாடுகளில் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அறிந்த மனிதர் கோபித்துக்கொண்டிருக்கலாம். நான் மக்கள் கலைஞர் என்று பட்டயத்தை எடுத்துக் காட்டியிருக்கலாம். அவர் கேமரா முன் உட்கார்ந்து, இந்த மெட்டுக்கு வார்த்தை இல்லை, உங்கள் உங்கள் மொழியில் நீங்களே எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து பாடலாம் என்று அழைப்பு விடுத்தார். 2012 ஜூன் மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த உலகப் புகழுக்குக் காரணம் அந்தச் சிரிப்புதான். அவருடைய மற்றப் பாடல்களைத் தேடிப்போனவர்களும் சிரிப்பின் வழியாக உள்ளே நுழைந்தவர்களே. ஆகவே சிரிப்பைத் திட்ட என்னால் முடியவில்லை. அது வாசல். வாசலிலேயே நின்றுவிட்டுப் போகிறவர்கள் பற்றித்தான் எனக்கு ஆவலாதி.

கில் கதையில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர் நல்ல பாடகர், ஆகவே அவர் பக்கம் பேசுவது சுலபம். நிஜமாகவே வாசிக்கத் தெரியாதவர்கள் என்றால்?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஆஸ்டின் விக்கின் என்ற பஞ்சாலைத் தொழிலாளி. அவர் சின்ன வயதில் அவருடைய அம்மா கைரேகை பார்த்து மூன்று சொன்னாராம்: உனக்குச் செம்பட்டைப் பொன்முடிக்காரி மனைவியாக வருவாள், நான் போன பிறகு உனக்கு இரண்டு மகன்கள் பிறப்பார்கள், உன் பெண்கள் இசைக்குழு அமைத்துப் புகழ் பெறுவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைப் பலிக்கவைக்க வேண்டிய பொறுப்பு தன்னுடையது என்று அவர் முடிவு செய்தார். டாட், பெட்டி, ஹெலன் என்ற மூன்று பெண்களையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். கிதாரும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்தார். காலை, மாலை, இரவு என்று சாதகம். குழுவுக்கு ‘த ஷேக்ஸ்’ என்று பெயர். சனிக்கிழமைகளில் ஊர் மன்றத்தில் வாசிக்கவைத்தார். ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். 1969-இல் மாசசூசெட்ஸ் போய் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ஃபிலாசஃபி ஆஃப் த வேர்ல்ட்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். ஆயிரம் பிரதிகள் அடிக்கச் சொல்லிக் காசு கொடுத்ததில் ஏறக்குறைய 900 வந்துசேரவே இல்லை என்பது இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சொல்லும் கதை.

அந்தத் தட்டைக் கேட்பது சுலபமில்லை. கிதார் ஒரு பக்கம் போகிறது, டிரம்ஸ் தன் போக்கில் வேறெங்கோ போகிறது, அக்காளும் தங்கையும் ஒரே வரியை ஒரே நேரத்தில், ஆனால் தாளத்துக்கு வெளியே, சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து பாடுகிறார்கள். 1975-இல் தந்தை மாரடைப்பில் இறந்ததும் பெண்கள் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டார்கள். வேறு யாரும் அவர்களை வாசிக்கச் சொல்லவில்லை. 1980-இல் அந்தத் தட்டு மறுபதிப்பாக வந்தபோது இரண்டு கட்சிகள் உண்டாயின. உலகத்திலேயே மோசமான இசை என்று ஒரு கட்சி. கட்டுப்பாட்டை உடைத்த மேதைமை என்று இன்னொரு கட்சி.

இங்கே முழுமனது யாருடையது என்பது கேள்வி. தந்தையுடையது என்றுதான் சொல்ல வேண்டும். பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. சிரிக்கிறவர் அந்தப் பெண்களின் கட்டாயத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மேதைமை என்று வியக்கிறவர் அதே கட்டாயத்துக்கு மாலை போடுகிறார். இரண்டு கட்சியிலும் சேர எனக்கு மனமில்லை.

ஆனால் ஒலிப்பதிவு நடந்த அன்று அங்கே இருந்தவர்கள் சொன்ன ஒரு செய்தி என்னை விடுவதாயில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது பெண்கள் திடீரென்று நிறுத்திவிடுவார்களாம். ஏன் என்று கேட்டால், ஒருத்தி தப்பாக வாசித்துவிட்டாள் என்பார்களாம். மறுபடியும் முதலிலிருந்து. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு எதுவும் புரியவில்லை. அவர்கள் காதுக்கு எல்லாமே தப்பாகத்தான் கேட்டது, அதில் எந்தத் தப்பு தனித் தப்பு?

அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஊரே கேலி செய்த அந்தக் கோணல் தாளத்துக்கு உள்ளே ஒரு சரி இருந்தது. அதிலிருந்து விலகினால் அவர்கள் காதுக்கு உறுத்தியது. பட்டிக்காட்டு வீட்டில் மூன்று பேர் வேறு யாரும் இல்லாமல், அப்பாவுக்குப் பயந்து, வருஷக்கணக்காக வாசித்து வாசித்து ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடையது. அப்பாவுடையதுகூட இல்லை. கில்லின் சிரிப்புக்கு ஜான் தெரிந்தால் போதும், திசை கிடைத்துவிடும். பிரபுதேவாவின் கைக்குத் தமிழ் சினிமா தெரிந்தால் போதும். ஷேக்ஸுக்கோ அப்படி வெளியிலிருந்து எடுத்துப் பொருத்துகிற சாவி எதுவும் கிடையாது. அந்தச் சரியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தத் தட்டையே திரும்பத் திரும்பக் கேட்டாக வேண்டும். எட்ட நின்று பார்க்கிறவனுக்குக் கோமாளித்தனமாகத் தெரிகிற எதற்குள்ளும் இப்படி ஒரு கறாரான கணக்கு இருக்கக்கூடும் என்பதை நான் அந்தப் பெண்களிடமிருந்து தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்கு நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு அந்த இசை இன்றுவரை பிடித்ததாகவும் சொல்ல மாட்டேன்.

ஹெலன் 2006-இல் இறந்துபோனார். டாட் 2013-இல் புதிய குழுவோடு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இந்தத் தடவை நிர்ப்பந்திக்கத் தந்தை இல்லை. 2017-இல் மாசசூசெட்ஸில் நடந்த ஓர் இசைவிழாவில் டாட்டும் பெட்டியும் மேடையேறிப் பழைய பாடல்களைப் பாடினார்கள். பின்னால் வாசித்தவர்கள் தேர்ந்த இசைக்காரர்கள். 1969-ஆம் ஆண்டுத் தட்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு, டிரம்ஸ் எங்கே பிந்துகிறது, கிதார் எங்கே வழிதவறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாடம் செய்துகொண்டுதான் அவர்கள் அதை வாசிக்க முடிந்தது. பழக்கத்தில் கை தானாக நேர்த் தாளத்துக்கு நழுவும், நழுவினால் தப்பு.